குறிப்புகளுக்கான கட்டம்

முதலில் என் கொப்பியில் தமிழில் எழுதிக்கொள்வேன்.
சறுக்குமரம் என்று எழுதிவிட்டு
நிமிர்ந்து பார்க்கிறேன்.
பச்சை பிளாஸ்டிக். இரும்புப் படி.
பிற்பகல் இரண்டு பத்து.
துப்பாக்கி போலிருக்கும் வெப்பமானியை நீட்டி
விசையை அழுத்துகிறேன்:
எழுபத்தொன்று.

நிழற்குடை என்று எழுதுகிறேன்.
கண்ணாடிக் கூரை.
இருக்கையின் உலோகம் ஐம்பத்தெட்டு.
பஸ்ஸுக்கு நிற்கும் பெண் அதை விட்டுவிட்டு
விளக்குக் கம்பத்தின் நிழலுக்குள்
பக்கவாட்டில் நிற்கிறாள்,
கம்பம் எவ்வளவு அகலமோ
அவ்வளவாய் ஒடுங்கி.

நல்லவேளை, படிவம் ஆங்கிலத்தில்.
தமிழில் நிரப்பிக் கொடுத்தால்
சிட்னியின் மேற்கு முழுக்க
மரமும் நிழலுமாய்க் கணக்கு வரும்.

போன மார்ச்சில் நகரசபை கூடி
இரவு பத்தே முக்கால்வரை வாதாடி
ஏழுக்கு ஆறு என்று நிறைவேற்றிய திட்டம்:
இரண்டாயிரத்து ஐம்பதுக்குள்
தெருக்களில் நாற்பது விழுக்காடு நிழல்.
பார்வையாளர் வரிசையிலிருந்து
விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்.
அப்போது எனக்கும் எழுபத்தொன்று.

கறுப்புக் கூரைகள் பற்றிய பத்தியை மட்டும்
அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார்கள்.
அடுத்த கூட்டம்
அதற்கடுத்த கூட்டத்துக்கு.

டூங்காபி. பதினான்காம் இலக்க வீடு.
வேனுக்குள் ஈரச் சாக்கில் சுற்றிய கன்று.
டோனி வெல்லா கேற்றைத் திறக்கவில்லை,
மேல்கம்பியில் முழங்கையை ஊன்றிச் சொல்கிறார்:
எனக்கு வேண்டாம்.

ஏன் என்று கேட்பது என் வேலை.
காரணங்களுக்கு ஐந்து பெட்டிகள் உண்டு.
அவருடையது எதற்குள்ளும் அடங்கவில்லை.

முப்பத்தொரு வருஷத்துக்கு முன்
நீங்கள்தான் ஒன்று நட்டீர்கள், என்கிறார்.
நீங்கள் என்றால் நான்தான்,
சட்டைப்பையில் முத்திரை இருக்கிறதே.
வேர் கழிவுக் குழாய்க்குள் இறங்கியது.
பதினோராயிரம் டொலர், என் கையிலிருந்து.
கடிதம் போட்டேன்.
நிரப்பச் சொல்லி இன்னொரு தாள் அனுப்பினீர்கள்.
பிறகு ஒருநாள் நீங்களே வந்து வெட்டினீர்கள்.
அன்றைக்குக் கிளையில் கூடு இருந்தது.
அதையும் சொன்னேன்.
கத்திச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்.

இது வேறு இனம், வேர் கீழ்நோக்கித்தான் போகும்,
குழாய்ப் பக்கம் தடுப்புப் போடுவோம்,
முதல் இரண்டு கோடைக்கு நாங்களே தண்ணீர் விடுவோம்:
பயிற்சியில் தந்ததை ஒப்புவிக்கிறேன்.
குறுக்கிடாமல் கேட்கிறார்.
கேட்டு முடித்து, வேண்டாம் என்கிறார்.
மறுபடி நான். மறுபடி அவர்.
இருபத்தைந்து நிமிஷம்.

புறப்படும்போது, கை பழகிவிட்டதால்,
வெப்பமானியைத் தரைக்கு நீட்டினேன்.
தார் அறுபத்திரண்டு.
எங்கள் இரண்டு நிழலும் ஒன்றாய் விழுந்த இடம்
ஐம்பத்தைந்து.

எவ்வளவு, என்றார்.
சொன்னேன்.
இன்னொருமுறை அழுத்து, என்றார்.
தன் நிழல் அசையக்கூடாதென்று
மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டு நின்றார்.
ஐம்பத்தைந்து.

ஒரு கணம் இருவரும்
அந்தக் கறுப்புத் திட்டையே பார்த்திருந்தோம்.
பிறகு அவர்,
குழாயை நான் மறக்கமாட்டேன் என்றார்,
முன்னதைவிடச் சற்று மெதுவாக.
உள்ளே போனார்.

மறுப்பு என்ற பெட்டியில் புள்ளடி இட்டேன்.
குறிப்புகளுக்கான கட்டம் தபால்தலை அளவு.
ஏழு பாகையை அங்கே எழுத முடியாது,
யார் நிழல் என்று கேட்பார்கள்.
யோசித்து எழுதினேன்:
இந்த வீட்டு மரத்தில் கூடு இருந்தது.

வேனுக்குள் சாக்கு காயத் தொடங்கியிருந்தது.
போத்தலில் பாதி கன்றுக்கு.
மீதி எனக்கு.
இன்னும் ஒன்பது வீடுகள்.